சம்பளத்தில் வரி விழுந்தால் வீட்டுக் கணக்கை எப்படித் திருத்துவது?

போன பெப்ரவரியில் ஓவர்டைம் நிறையச் செய்தேன். அந்தக் காசை நம்பி மகளின் சைக்கிளுக்கு முற்பணமும் கட்டியாயிற்று. சம்பளச் சிட்டையைப் பார்த்தால் முன்பில்லாத ஒரு வரி இருந்தது, வருமான வரி! எங்கள் கணக்கையே வைத்துச் சொல்கிறேன்.

படி 1: வரியை நீங்களே போட்டுப் பாருங்கள்

இலங்கையில் 2025 ஏப்ரல் முதல், மாதம் 150,000 ரூபாய் வரை வரி இல்லை. அதற்கு மேல் முதல் 83,333 ரூபாய்க்கு 6 வீதம். அதையும் தாண்டினால் அடுத்த துண்டுக்கு 18 வீதம். ஒன்றரை லட்சம் தாண்டினால் முழுச் சம்பளத்துக்கும் வரி என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை, மேலே உள்ள துண்டுக்கு மட்டும்தான்.

எனக்குச் சம்பளம் 145,000, ஓவர்டைம் 70,000, மொத்தம் 215,000. வரம்புக்கு மேல் 65,000. அதில் 6 வீதம் 3,900. சம்பளத்திலிருந்து ஊழியர் சேமலாப நிதிக்குப் போகும் 8 வீதத்தை வரி பார்க்கும்போது கழிக்கமாட்டார்கள்.

படி 2: பிடித்த வரி திரும்புமா என்று பாருங்கள்

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பிடிப்பது மாதக் கணக்கில், வரியோ ஆண்டுக் கணக்கில். ஏப்ரல் முதல் மார்ச் வரை வரம்பு 1,800,000. மற்ற மாதங்களில் எனக்கு ஓவர்டைம் இல்லை. ஆண்டு வருமானம் 1,810,000 தான். கட்டவேண்டியது 600, பிடித்தது 3,900. வேலையிடத்தில், ஆண்டு முழுக்கப் பிடித்த வரியைக் காட்டும் டி 10 சான்றிதழை வாங்கி, நவம்பர் 30க்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு வருமான விவரம் கொடுத்து மீதியைக் கேட்கலாம். ஆனால் அந்தக் காசு கைக்கு வரும்வரை கொப்பியில் எழுதாதீர்கள்.

படி 3: ஆகக் குறைந்த மாதத்தை வைத்துச் செலவைப் பிரியுங்கள்

ஓவர்டைம் இல்லாத மாதம் சேமலாப நிதி போக என் கையில் 133,400. வாடகை, லீசிங், சீட்டுக்காசை முதலில் எடுத்துவிடுங்கள். மிஞ்சியதை நான்காக அல்ல, ஐந்தாகப் பிரியுங்கள். “அஞ்சாவது கிழமைக்கு என்னத்தைச் சமைக்கிற?” என்று மனைவி கேட்டபிறகுதான் எனக்கு இது உறைத்தது.

படி 4: மின்மானியையும் கடலையும் பாருங்கள்

கரண்ட் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே விலை கூடும். வருமான வரிக்கு நேர் எதிர். பில் வந்த 20ஆம் நாள் மின்மானியைப் பாருங்கள். திருகோணமலையில் கச்சான் என்ற சூட்டுக்காற்று வீசும் மாதங்களில் ஃபேனை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. உடுப்புகளைச் சேர்த்துவைத்துக் கிழமைக்கொருதடவை அயன் பிடிக்கிறோம்.

அப்புறம், வாடைக்காற்றில் கடல் கொந்தளித்தால் மீன் விலை ஏறிவிடும். மீன் மலியும்போதே கருவாடு வாங்கிவைக்கிறோம்.

படி 5: வங்கி வட்டி

வைப்புப் பணத்தின் வட்டியில் 10 வீதம் வரி பிடிப்பார்கள். அம்மாவைப் போல ஆண்டு வருமானம் 1,800,000க்கு மேற்படாதவர்கள் வரி இலக்கத்தோடு வங்கியில் சுயபிரகடனம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள்.

சைக்கிளின் மீதிக் காசை அடுத்த ஓவர்டைம் வந்தபிறகுதான் கட்டினோம். மகள் ஒரு மாதம் முகங்கொடுத்துப் பேசவில்லை.