செம்பருத்தி இஞ்சித் தண்ணி: முதன்முறை செய்கிறவர்களுக்கு

பினாங்கில் பிப்ரவரி, மார்ச் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சௌரஸ்தா மார்க்கெட்டுக்குப் போய் மீனும் காய்கறியும் வாங்கிக்கொண்டு, அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்புறக் கூரையுள்ள நடைபாதையில், நிழல் பார்த்து நடந்து வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் நாக்கு வறண்டுவிடும். அந்த நேரத்தில் எங்கள் வீட்டு ஐஸ் பெட்டியில் ஒரு ஜாடி செம்பருத்தி இஞ்சித் தண்ணி இருக்கும். டின் பானத்தைவிட இது எனக்குப் பிடிக்கும், அதில் எவ்வளவு சீனி இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்பதால்.

செய்வது சுலபம். ஆனால் பூவையும் இஞ்சியையும் தனித்தனியாகத்தான் தயார் செய்ய வேண்டும். முதல் தடவை இரண்டையும் ஒரே சட்டியில் போட்டு இருபது நிமிடம் கொதிக்கவைத்தேன். சேற்றுத் தண்ணீர் மாதிரி மங்கலாக, கொழகொழவென்று வந்தது. இஞ்சிக்குக் கொதி வேண்டும், பூவுக்குக் கொதி ஆகாது. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஐந்து கிளாஸுக்குத் தேவையானவை: சிவப்புச் செம்பருத்தி 12 பூ, முற்றிய இஞ்சி 50 கிராம், சீனி அல்லது கற்கண்டு 80 கிராம், லீமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை வகை) 7 அல்லது 8, உப்பு ஒரு சிட்டிகை, தண்ணீர் மொத்தம் ஒரு லிட்டருக்குச் சற்று அதிகம். பாத்திரம் எவர்சில்வராகவோ கண்ணாடியாகவோ இருக்கட்டும். புளிப்புச் சேரும் பானம் என்பதால் அலுமினியச் சட்டி வேண்டாம்.

பூவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தவறு நடப்பது இங்கேதான். கடைகளில் உலர்த்தி விற்கும் ரோசெல் வேறு செடி, புளிச்சக்கீரைக்குச் சொந்தம். அதில் காயைச் சுற்றித் தடித்திருக்கும் சிவப்புப் புல்லியைத்தான் ஊறவைக்கிறோம். அது தானாகவே புளிக்கும். நம் வீட்டு வாசலில் பூப்பது, 1960-இல் மலேசியாவின் தேசிய மலரான புங்கா ராயா. சாமிக்கு வைக்கிறோமே, அதே பூதான். இதன் இதழில் நிறம் இருக்கும், புளிப்பு அவ்வளவாக இருக்காது. அதனால்தான் எலுமிச்சை வகை ஏதாவது கட்டாயம் சேர்க்க வேண்டியிருக்கிறது.

ஐந்து இதழ் உள்ள ஒற்றைச் சிவப்பு நல்லது. அடுக்குச் செம்பருத்தியின் இதழ்களுக்குள் எறும்பு ஒளிந்திருக்கும், கழுவி மாளாது. காலையில் மலர்ந்த பூ மாலைக்குள் சுருங்கிவிடும் என்பதால் காலையிலேயே பறித்துவிடுங்கள். சாலையோரப் பூ வேண்டாம், நர்சரியில் வாங்கிய புதுச் செடியின் பூவும் உடனே வேண்டாம். டிங்கிக் காய்ச்சல் கொசுவுக்காகக் குடியிருப்பில் புகை மருந்து அடித்திருந்தால் அன்றைய பூவை விட்டுவிட்டு, மழை நன்றாகக் கழுவிய பிறகு மலரும் புதுப் பூக்களுக்குக் காத்திருங்கள்.

பறித்த பூவின் பச்சைக் காம்பைத் திருகி எடுத்தால் நடுவில் நிற்கும் மகரந்தத் தண்டும் கூடவே வந்துவிடும். இதழ்கள் மட்டும் போதும். உப்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள்.

இனி இஞ்சி. பகாங் மாநிலத்துப் பெந்தோங் இஞ்சி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். விலை கூடத்தான், ஆனால் காரமும் மணமும் தனி. தோலைக் கரண்டியால் சுரண்டி, உரலில் இரண்டு தட்டு தட்டி, 300 மில்லி தண்ணீரில் சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். வடிகட்டி, ஆடாமல் அசையாமல் கால் மணி நேரம் வையுங்கள். அடியில் வெள்ளையாக மாவு படியும். மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றிக்கொண்டு அந்த மாவை என் பாட்டி கொட்டிவிடுவார். நானும் அப்படித்தான் செய்கிறேன், தண்ணி கலங்காமல் இருக்கிறது. தெளிந்த சாறு சூடாக இருக்கும்போதே சீனியையும் உப்பையும் கரைத்துவிடுங்கள். கூலா மலாக்கா என்ற தென்னைவெல்லம் சுவைக்கு அருமை, ஆனால் அதன் பழுப்பு நிறம் பூவின் சிவப்பை விழுங்கிவிடும். இதற்கு வெள்ளைச் சீனியோ கற்கண்டோதான் சரி.

அடுத்து, 750 மில்லி தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்துவிடுங்கள். கொதி அடங்கியதும் இதழ்களைப் போட்டு மூடிவிடுங்கள். எட்டு நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். இதழ்கள் வெளுத்து, நனைந்த காகிதம் போல ஒட்டிக் கிடக்கும். தண்ணீர் மங்கலான ஊதாவாக இருக்கும். கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம், அப்படித்தான் வர வேண்டும். வடிகட்டும்போது இதழ்களைப் பிழியாதீர்கள். பிழிந்தால் அந்தக் கொழகொழப்பு இறங்கிவிடும். தானாகச் சொட்டட்டும்.

ஆறிய பூத்தண்ணீரில் இஞ்சிச் சாற்றைக் கலந்து, கடைசியாக லீமாவ் கஸ்தூரியைப் பிழியுங்கள். பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்த நேரத்தில் கூப்பிடுங்கள். முதல் பழத்தின் சாறு விழுந்த இடத்திலேயே ஊதா விலகி ரோஜா நிறம் படரும். மூன்றாவது பழத்துக்குள் ஜாடி முழுவதும் பளிச்சென்று சிவந்துவிடும். இதழில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி புளிப்புப் பட்டால் சிவப்பாக மாறும். சாயம், எசன்ஸ் எதுவும் இல்லாமல் வந்த நிறம் அது. எத்தனை முறை செய்தாலும் அந்த ஒரு நொடியை நான் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன்.

ருசி பார்த்து, புளிப்பு போதாவிட்டால் இன்னும் ஒரு பழம். ஐஸ் போட்டுக் குடிப்பதானால் இனிப்பு ஒரு சுற்று தூக்கலாக இருக்கட்டும், ஐஸ் கரைந்ததும் சரியாகிவிடும். சீனிக்குப் பதில் தேன் சேர்ப்பவர்கள் எல்லாம் ஆறிய பிறகு சேருங்கள். மூடி வைத்தால் ஐஸ் பெட்டியில் இரண்டு நாள் தாங்கும். அதற்கு மேல் இஞ்சியின் மணம் மட்டுப்படும்.

பூ கிடைக்காத அடுக்குமாடிவாசிகள் உலர்ந்த ரோசெல் 10 கிராம் எடுத்து இதே முறையில் பதினைந்து நிமிடம் ஊறவையுங்கள். லீமாவ் இரண்டு போதும், சீனி கொஞ்சம் கூடப் பிடிக்கும்.

கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுக்க வேண்டாம். எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்தே அந்தக் கட்டுப்பாடு உண்டு. இரத்த அழுத்தத்துக்கோ இனிப்பு நீருக்கோ (நீரிழிவு) மருந்து எடுப்பவர்கள், தினமும் குடிக்கத் தொடங்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வடிகட்டிய இஞ்சிச் சக்கையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். காரம் இன்னும் மிச்சம் இருக்கும். சாயங்காலத் தேநீரில் போட்டுக் கொதிக்கவைத்தால் இன்னொரு கோப்பை தே ஹாலியா, அதாவது இஞ்சித் தேநீர், தேறும்.