நாய் உச்சா போன இடம்: பினாயில் ஊற்றுவதற்கு முன் படிக்கவும்

ஆண் நாய்க்குட்டி எட்டு ஒன்பது மாதத்தைத் தொட்டதும் காலைத் தூக்க ஆரம்பிக்கும். தெருவில் தூக்கினால் யாருக்கும் கவலையில்லை. வீட்டுக்குள் சோபா காலையோ கதவு நிலையையோ தேர்ந்தெடுத்துவிட்டால்தான் தலைவலி. துடைப்போம், மறுநாளும் அதே இடம் நனைந்திருக்கும். எங்கள் வீட்டில் அது பால்கனிக் கதவு நிலையின் இடது பக்கம். வலது பக்கத்தை அவன் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

நம் மூக்குக்கு வாடை தெரியாமல் போனதும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். நாயின் மூக்குக்கு அங்கே இன்னும் பலகை எழுதித் தொங்குகிறது. அந்தப் பலகையைக் கழற்றுவதுதான் இந்தப் பதிவு. எத்தனை வேளை வெளியே கூட்டிப்போவது, எப்படிப் பழக்குவது என்பதற்குள் நான் போகவில்லை.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

கொஞ்சமாக, செங்குத்தான பரப்பில், திரும்பத் திரும்ப அதே இடத்தில் என்றால் அது எல்லை குறிப்பது. குளமாகத் தேங்கியிருந்தால் அடக்க முடியாமல் போனது. நன்றாகப் பழகிய நாய் திடீரென்று வீட்டுக்குள் போக ஆரம்பித்தால், வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தால், சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். ஆண் நாய் முக்கி முக்கி நின்றும் சொட்டு வரவில்லை என்றால் அன்றைக்கே, அப்போதே போக வேண்டும். கல் அடைத்திருக்கலாம்.

அடிப்பது, மூக்கை அதில் தேய்ப்பது எல்லாம் வேண்டாம். உங்கள் கண்ணில் படாத இடமாகப் பார்த்துப் போகக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான்.

படி 1: எல்லா இடத்தையும் கண்டுபிடிப்பது

ஒரு புற ஊதா டார்ச் வாங்குங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டுச் சுவரின் அடிப்பகுதியில் அடித்துப் பார்த்தால், காய்ந்த சிறுநீர் மங்கலான மஞ்சள் பச்சையில் தெரியும். நீலவெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தால் பயப்பட வேண்டாம், சலவைத்தூளில் இருக்கும் வெண்மையூட்டியும் ஒளிரும். கண்டுபிடித்த இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டுவிடுங்கள். விளக்கைப் போட்டதும் ஒன்றும் தெரியாது.

படி 2: உறிஞ்சுவது

ஈரமாக இருக்கும்போதே பிடித்தால் பாதி வேலை மிச்சம். பழைய செய்தித்தாளோ கிழிந்த கைலியோ போட்டு அழுத்துங்கள். தேய்க்காதீர்கள், பரவும். மாப்பை எடுக்கவே எடுக்காதீர்கள். அந்த மாப்போடு ஹால் முழுக்க ஒரு சுற்று வந்தால், வீடு முழுக்க நீங்களே எல்லை குறித்த மாதிரி ஆகிவிடும்.

படி 3: என்சைம் (இங்கேதான் எல்லோருக்கும் இடிக்கிறது)

சிறுநீரில் இருக்கும் யூரியாவை பாக்டீரியாக்கள் அம்மோனியாவாக மாற்றும். அதனால்தான் முதல் நாளைவிட இரண்டாம் நாள் வாடை தூக்கலாக இருக்கிறது. பினாயில் இந்த வாடைக்கு மேல் இன்னொரு வாடையைப் போர்த்துகிறது. ஒரு மணி நேரத்தில் போர்வை விலகிவிடும். போதாததற்கு, பீனால் சேர்ந்த கறுப்பு பினாயில் துடைத்த தரையில் நடந்துவிட்டு நாய் பாதத்தை நக்கினால் அதன் உடம்புக்கும் கெடுதல். வீட்டில் பூனையும் இருந்தால் கறுப்பு பினாயிலை வாங்கவே வாங்காதீர்கள்.

இதற்கென்றே செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் என்சைம் (நொதி) திரவம் அந்தக் கழிவையே உடைக்கிறது. ஆனாலும் 'வாங்கி அடித்தேன், ஒன்றும் ஆகவில்லை' என்று பாட்டிலைத் தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் மூன்று காரணங்கள்.

முதலாவது, அந்த இடத்தில் ஏற்கெனவே பினாயிலும் டெட்டாலும் ஊறிக் கிடக்கும். இந்தத் திரவங்கள் பலவற்றில் என்சைமைச் சுரந்து வேலை செய்வது நல்ல பாக்டீரியாக்கள். கிருமிநாசினி மிச்சம் இருந்தால் அவையும் செத்துப்போகும். ஆகவே முதலில் வெறும் வெந்நீரால் இரண்டு தடவை அலசித் துடைத்து, காயவிட்டு, அப்புறம்தான் என்சைம்.

இரண்டாவது, மின்விசிறி. சென்னை வெயிலில் விசிறியும் ஓடினால் ஊற்றியது சில நிமிடத்தில் காய்ந்துவிடும். காய்ந்தால் வேலை நின்றுவிடும். விசிறியை நிறுத்திவிட்டு, அதே திரவத்தில் நனைத்த துணியை மேலே போட்டு, அதற்கு மேல் ஒரு பாலித்தீன் தாளை விரித்துவிடுங்கள். புதுக் கறைக்கு லேபிளில் போட்டிருக்கும் நேரம் போதும். பழைய கறை என்றால் இரவு முழுக்க விடுவேன்.

மூன்றாவது, சிறுநீர் போன ஆழத்துக்குத் திரவமும் போக வேண்டும். சுவரில் அடித்தது வழிந்து, தரையும் ஸ்கர்ட்டிங் டைல்ஸும் சேரும் இடுக்கில் தங்கிவிடுகிறது. மேலே ஸ்ப்ரே அடித்தால் அங்கே எட்டாது. மருந்துக்கடையில் 10 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி, ஊசியைக் கழற்றிவிட்டு, இடுக்கு நெடுகத் திரவத்தை விடுங்கள். எந்த விலையுயர்ந்த கருவியைவிடவும் எனக்கு இதுதான் உசத்தி. மர நிலையின் அடிமுனை தண்ணீரை உறிஞ்சும். அங்கேயும் சிரிஞ்ச்தான். நன்றாகக் காய்ந்த பிறகு அடியில் வார்னிஷ் பூசிவிட்டால் மறுபடி ஊறாது.

ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலை வெல்லத்தோடு மூன்று மாதம் ஊறவைத்துச் செய்யும் வீட்டு 'பயோ என்சைம்' போதாதா என்று கேட்பீர்கள். தரை துடைக்க நன்றாக இருக்கிறது. சிறுநீர் வாடைக்கு நான் கடைப் பாட்டிலைத்தான் நம்புவேன். தவிர அது புளிப்பானது, எல்லாத் தரைக்கும் ஆகாது.

அதே காரணத்தால் வினிகரிலும் கவனம். விட்ரிஃபைட் டைல்ஸ் என்றால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைக்கலாம். மார்பிள், மொசைக், கடப்பா கல் மூன்றிலும் அமிலம் பட்டால் பளபளப்பு போய்விடும். கடப்பா கல்லும் சுண்ணாம்புக்கல் வகைதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

படி 4: அந்த இடத்துக்கு வேறு வேலை கொடுப்பது

சுத்தம் செய்த இடத்தில் அதன் சோற்றுத் தட்டையோ படுக்கையையோ வையுங்கள். சாப்பிடும், தூங்கும் இடத்தைப் பெரும்பாலான நாய்கள் அசுத்தம் செய்வதில்லை. கருத்தடை செய்தாலும் பல ஆண் நாய்களுக்கு இந்தப் பழக்கம் குறையும், மருத்துவரிடம் கேளுங்கள்.

படி 5: தெருவில் கக்கா அள்ளுவது

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. எனவே செய்தித்தாள். நாய் வட்டம் போட ஆரம்பித்ததும் தாளை எடுத்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கெட்டியாக இருந்தால் இரண்டாக மடித்து அள்ளிவிடலாம். இளகலாக இருந்தால் மேலே மணலோ சாம்பலோ தூவி, கொஞ்சம் பொறுத்து, இரண்டு அட்டைத் துண்டுகளால் வழித்தெடுங்கள்.

வட்டம் போடுவது பற்றிச் சொன்னேனே, செக், ஜெர்மன் ஆய்வாளர்கள் 70 நாய்களை இரண்டு வருடம் கவனித்து, பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும் நேரத்தில் அவை வடக்கு தெற்காக உடம்பை வைத்து மலம் கழிக்க விரும்புகின்றன என்று 2013இல் எழுதினார்கள். 2014இல் அதற்கு இக் நோபல் பரிசு (முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் வேடிக்கைப் பரிசு) கிடைத்தது. என் நாய்க்கு டீக்கடை இருக்கும் திசைதான் வடக்கு.

முடித்ததும் பின்கால்களால் மண்ணை வாரி இறைக்கும். மூடிவைக்கிறது என்று நினைக்க வேண்டாம். பாதத்தில் இருக்கும் மணச் சுரப்பிகளால் இன்னொரு கையெழுத்துப் போடுகிறது. பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

அன்றன்றைக்கே அள்ளிவிட வேண்டும். உருண்டைப்புழு முட்டைகள் வெளியே வந்த உடனே தொற்றுவதில்லை. மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் கிடந்து பக்குவப்பட்ட பிறகுதான் ஆபத்து. அப்புறம் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கொக்கிப்புழு வெறுங்காலின் தோல் வழியாகவே ஏறும். உரம் என்று கீரைப்பாத்தியில் போடாதீர்கள். மழைநீர் வடிகாலில் தள்ளவும் வேண்டாம், அது சுத்திகரிப்பு இல்லாமல் நேராக ஆற்றுக்கோ கால்வாய்க்கோதான் போகும். பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தால் தாளை விட்டுவிட்டு மலத்தை மட்டும் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது என் வழி.

பின்சேர்க்கை 1: பால்கனியில் ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியதும் கண் எரிந்து இருமல் வந்ததாக ஒரு வாசகி எழுதியிருந்தார். சிறுநீரின் அம்மோனியாவோடு ப்ளீச் சேர்ந்தால் குளோரமின் வாயு வரும். கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரினே வரும். நாய்களுக்குக் கடும் வயிற்றுப்போக்கு வரவைக்கும் பார்வோ என்ற வைரஸ் கிருமியை ஒழிக்க ப்ளீச் தேவைப்படும் வீடுகள் உண்டு. அப்போதும் முதலில் தண்ணீர் விட்டு நன்றாக அலசிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான்.

பின்சேர்க்கை 2: ஐப்பசி, கார்த்திகை மழையில் நாய் வெளியே வர மறுக்கிறது என்று கேட்டிருந்தார்கள். கீழ்த்தள வண்டி நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போனால் அடுத்தவர் கார் டயரில்தான் காலைத் தூக்கும், பிறகு குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள்தான் அன்றைய செய்தி. பால்கனியில் ஒரு தட்டில் செயற்கைப் புல் விரித்து, அதில் அது ஏற்கெனவே போன செய்தித்தாளில் ஒரு துண்டை வைத்துவிடுங்கள். இங்கே மட்டும் வாடையைத் துடைக்காமல் விட வேண்டும்.

பின்சேர்க்கை 3: 'போட்ட கக்காவையே தின்கிறது, என்ன செய்வது?' இது நிறையப் பேர் கேட்டது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கணக்கில் 16% நாய்கள் இதை அடிக்கடி செய்கின்றன. பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் போட்டதைத்தான் தின்கின்றன. இதை நிறுத்த விற்கப்படும் மாத்திரை, பொடிகளில் எதுவும் நூற்றுக்கு இரண்டு நாய்களுக்கு மேல் பலிக்கவில்லை என்றும் கண்டார்கள். குடற்புழு மருந்து தேதிப்படி கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். மற்றபடி, அது திரும்பிப் பார்ப்பதற்குள் அள்ளிவிடுங்கள்.