வயிறு புரட்டினால் மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள்

மனச்சோர்வுக்கு எஸ்சிடாலோப்ராமோ செர்ட்ரலினோ எழுதித் தருகிறார் மருத்துவர். மூன்றாம் நாள் காலையில் இட்லியைக் கண்டாலே குமட்டுகிறது, வயிறு இளகிப் போகிறது. 'நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று பலர் அன்றோடு மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அவசரம்தான் இதில் தவறு.

இந்த மாத்திரைகள் குறிவைப்பது செரோடோனினை, அதாவது நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் வேதிப்பொருளை. உடலிலுள்ள செரோடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் இருக்கிறது. குடலை அசைப்பதிலும், குமட்டலை மூளைக்குத் தெரிவிப்பதிலும் அதற்குப் பங்குண்டு. மூளையில் செரோடோனினைத் தங்க வைக்கும் மாத்திரை குடலிலும் அதையே செய்கிறது. மனம் தெளிய 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கும். வயிறோ முதல் வாரமே முரண்டு பிடிக்கும். பெரும்பாலானோருக்கு 2 வாரங்களில் அடங்கிவிடும். வெறும் வயிற்றில் காபியோடு விழுங்காமல், சாப்பிட்ட பின் போட்டால் பலருக்குக் குமட்டல் குறைகிறது.

பெரிய தவறு தெருமுனை மருந்துக்கடையில் நடக்கிறது. மயிலாப்பூரானாலும் வியாசர்பாடியானாலும் 'கேஸ் மாத்திரை கொடுங்கள்' என்றால் சீட்டு கேட்காமலே ஒரு அட்டை கைக்கு வரும். அது ஒமிபிரசோலாக இருந்தால் எஸ்சிடாலோப்ராம் உடலில் சிதைவதைத் தாமதப்படுத்தி, ரத்தத்தில் அதன் அளவைக் கூட்டிவிடும். பான்டோபிரசோலுடன் குமட்டலை அடக்கும் டாம்பெரிடோன் கலந்த மாத்திரை என்றால் வேறு சிக்கல்: டாம்பெரிடோன், எஸ்சிடாலோப்ராம் இரண்டுமே இதயத்துடிப்பின் சீரைக் குலைக்கக்கூடியவை. முதியோரும் இதய நோயாளிகளும் இதில் விளையாடக் கூடாது.

மூட்டுவலிக்கு டைக்ளோபினாக் வாங்குவதும் இப்படித்தான். காயத்தில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்கும் செரோடோனின் தேவை. மனச்சோர்வு மாத்திரை தட்டணுக்களுக்குள் அது சேர்வதைக் குறைக்கிறது, வலிமாத்திரை இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் இரைப்பையில் ரத்தம் கசியும் ஆபத்து கூடும். மலம் தார்போல் கறுத்துப் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சர்க்கரை மாத்திரையின் பெயரை உரக்கச் சொல்லும் நாம், மனநல மாத்திரையை எலும்பு மருத்துவரிடம்கூட மறைக்கிறோம். கூச்சமாக இருந்தால் சீட்டைச் செல்போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு நீட்டுங்கள். வாய் திறக்கவே வேண்டாம்.

பசி விஷயத்தில் பழியை மாத்திரைமேல் மட்டும் போடவும் முடியாது. மனச்சோர்வே பசியைக் கொல்லும். மனச்சோர்வு மாத்திரைகளும் ஒன்றுபோல் இல்லை. புளூவாக்செட்டின் தொடக்கத்தில் பசியைச் சற்றுக் குறைக்கலாம். பராக்செட்டினை நெடுநாள் எடுத்தால் எடை ஏறலாம். மிர்டாசபின் பசியை நன்றாகவே கிளப்பும். சிகிச்சை தொடங்கும் நாளில் எடையைக் குறித்து வைத்தால், பிறகு மருத்துவரிடம் ஊகத்தில் பேச வேண்டியிராது.

குணமானதும் தானாக நிறுத்துபவர்களுக்கு ஒரு சொல். திடீரென விட்டால் குமட்டல், தலைச்சுற்றல், மண்டைக்குள் மின்சாரம் பாய்ந்தது போன்ற உணர்வு வரலாம். பராக்செட்டினில் இது அதிகம். வாரக்கணக்கில் உடலில் தங்கும் புளூவாக்செட்டினில் குறைவு. நோய் திரும்பிவிட்டதென்று பதறி இருமடங்கு விழுங்காமல், எழுதிக் கொடுத்தவரிடமே கேட்டு அளவைப் படிப்படியாகக் குறையுங்கள்.