பெனும்ப்ரா இரண்டாம் பாகம்: யார் பேச்சைக் கேட்டு விளையாடுவது?

"பெனும்ப்ரா: பிளாக் பிளேக்" விளையாடலாமா என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள், நாலு பதில் வரும். ஒருத்தர் இதைப்போல இன்னொரு திகில் கேம் வரவே இல்லை என்பார், இன்னொருத்தர் கையில் ஒரு ஆயுதம்கூடக் கிடையாது, ஓடுவதும் ஒளிவதும்தான் வேலை, எனக்குச் சரிப்படவில்லை என்பார். முதல் பாகம்தான் நல்லது என்று சிலர், முதல் பாகத்தைத் தொடவே வேண்டாம், நேராக இரண்டாவதுக்குப் போ என்று சிலர். எங்கள் கீழக்கரைக் கூட்டத்துக்குள்ளேயே இது இன்றுவரை தீரவில்லை. எனக்கு இது மிகவும் பிடித்த கேம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதனால்தான், புதிதாக ஆரம்பிக்கிற ஒருத்தர் அடுத்தவர் கருத்தைக் கேட்டுத் தவறான இடத்தில் தொடங்கி, அரை மணி நேரத்தில் மூடிவைத்துவிடக் கூடாது என்று இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஸ்வீடனைச் சேர்ந்த ஃப்ரிக்ஷனல் கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் செய்த தொடர் இது. முதல் பாகம் "ஓவர்சர்" 2007-ல் வந்தது. பிலிப் என்ற இயற்பியலாளருக்கு, இறந்துவிட்டதாக நினைத்திருந்த அப்பாவிடமிருந்து கடிதம் வருகிறது, அதைப் பிடித்துக்கொண்டு கிரீன்லாந்தின் பனிக்காட்டுக்குப் போய், கைவிடப்பட்ட ஒரு சுரங்கத்துக்குள் மாட்டிக்கொள்கிறான். "பிளாக் பிளேக்" 2008 பிப்ரவரியில் வந்தது, அதே கதை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. பூட்டிய ஒரு அறைக்குள் பிலிப் கண் விழிக்கிறான். மூன்று பாகமாக வர வேண்டியதை இரண்டாவதோடு முடித்துக்கொண்டார்கள். இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், முடிவைப் பற்றி வருகிற புகார்களில் பாதிக்கு இதில் பதில் இருக்கிறது.

சரி, கருத்துகளை எப்படி வடிகட்டுவது? "கேம் நல்லா இருக்கா" என்று கேட்காதீர்கள். "நீ எதுக்காக கேம் ஆடுற" என்று கேளுங்கள். சவூதியிலிருந்து லீவில் வருகிற எங்கள் காக்கா (அண்ணன்) ஒருவர் துப்பாக்கி கேம் மட்டுமே ஆடிப் பழகியவர். "ஆயுதமே இல்லாம என்ன கேம் தம்பி இது" என்று முதல் எதிரியைப் பார்த்த இடத்திலேயே எழுந்துவிட்டார். அவர் சொன்னது பொய்யில்லை, இந்த கேம் அவருக்கானது இல்லை, அவ்வளவுதான். பாம்பனில் இருக்கிற நண்பன் வேறு ஆள். தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கரையில் நிற்கிற அந்த 61 நாட்களில், ராத்திரி முழுக்கப் புதிர் கேம்களாகத் தேடித்தேடி ஆடுவான். "ஓவர்சர்ல நாய்க்குப் பயந்தேன் மச்சான், இதுல பயந்தது வேற மாதிரி, என் கண்ணையே நம்ப முடியல" என்றான். இரண்டு பேரும் ஒரே கேமைத்தான் சொல்கிறார்கள். உங்கள் ருசி யார் பக்கம் என்று தெரிந்தால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

அடுத்து, முதல் பாகத்தை ஆட வேண்டுமா என்ற சண்டை. என் பதில் உறுதியாக ஆம். ஓவர்சரைப் பலர் திட்டுவதற்குக் காரணம் அதில் இருக்கிற சண்டை. சுத்தியலையும் சுரங்கத்தில் பாறை வெட்டுகிற குந்தாலியையும் மவுஸை ஆட்டி ஆட்டி வீச வேண்டும், அது கைக்கு அடங்கவே அடங்காது, அதற்குள் நாய் இரண்டு முறை கடித்துவிடும். இந்தக் குறை உண்மையானதுதான். ஆனால் சண்டை போடாமலே அதைக் கடக்கலாம் என்று யாரும் சொல்லித்தருவதில்லை. நாய் வந்தால் இருட்டில் குனிந்து அசையாமல் இருங்கள். உலர்ந்த இறைச்சித் துண்டு கிடைக்கும், அதை வேறு பக்கம் வீசினால் நாய் அங்கே போகும். கதவைச் சாத்திப் பெட்டிகளை அண்டக் கொடுத்தால் கொஞ்ச நேரம் தாங்கும். இப்படி ஆடினால் ஓவர்சர் வேறு கேமாக மாறிவிடும். அப்புறம், வானொலியில் மட்டும் குரலாக வருகிற ரெட் என்ற மனிதனை அதில்தான் சந்திக்கிறோம். அவன் பேச்சைக் கேட்டுப் பழகி, அந்தப் பாகம் முடிகிற விதத்தைப் பார்த்துவிட்டு வந்தால்தான் இரண்டாம் பாகத்தில் பிலிப்பின் தனிமை உறைக்கும். நேராக பிளாக் பிளேக்கில் குதித்தவர்கள் "கதை புரியவில்லை" என்று சொன்னால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

கேமைத் திறப்பதற்கு முன்னால் சில ஏற்பாடுகள். மவுஸ் கட்டாயம் வேண்டும், டச்பேடில் இதை ஆட முடியாது. இந்தத் தொடரின் தனிச்சிறப்பே, எதையும் ஒரு பட்டனைத் தட்டித் திறக்க முடியாது என்பதுதான். கதவைப் பிடித்து இழுக்க வேண்டும், இழுப்பறையைப் பிடித்து வெளியே கொண்டுவர வேண்டும், வால்வைச் சுற்ற வேண்டும், எல்லாமே மவுஸ் அசைவில். கதவை ஒரு விரல்கடை மட்டும் திறந்து இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கிற அந்த நொடி இருக்கிறதே, அதற்காகவே இந்த கேமை ஆடலாம். டச்பேடில் அந்தக் கதவு ஒன்று திறக்கவே திறக்காது, இல்லை படாரென்று முழுசாகத் திறந்துகொள்ளும். லேப்டாப் பழசாக இருந்தால் கவலை வேண்டாம், 2008-ன் கேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண லேப்டாப்பிலும் ஓடும்.

ஹெட்போன் இல்லாமல் ஆடியவர் "பயமே இல்லை" என்று சொன்னால் அதையும் தள்ளிவைக்கலாம். இதில் பயம் முக்கால்வாசி காது வழியாகத்தான் வருகிறது. எதிரி எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதைக் காலடிச் சத்தத்தை வைத்துத்தான் கணிக்க வேண்டும். நம் கரையோரத்தில் இதற்கு ஒரு இடைஞ்சல் உண்டு. ஆனி, ஆடியில் கச்சான் என்கிற மேற்குக் காற்று தூக்குகிற ராத்திரிகளில் மண்டபம், பாம்பன் பக்கம் தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸும் தடதடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், கேம் சத்தம் எது, வீட்டுச் சத்தம் எது என்று பிரிக்க முடியாது. சிலருக்கு அதுவே கூடுதல் திகில். எனக்கு அது பிடிக்காது, ஏனென்றால் ஒளிந்து நிற்கும்போது காதைத்தான் நம்பியிருக்கிறேன். காற்று அடங்கின நாளாகப் பாருங்கள், இல்லையென்றால் காதை முழுசாக மூடுகிற ஹெட்போன் போடுங்கள். உப்புக்காற்றில் ஜன்னலோரம் லேப்டாப்பை வைத்து ஆடாதீர்கள், போர்ட்டும் ஃபேனும் துருப்பிடித்துவிடும்.

திரை வெளிச்சத்தைக் கூட்டாதீர்கள். இருட்டாக இருக்கிறதே என்று அமைப்பில் போய் வெளிச்சத்தை ஏற்றிவிட்டால் சுவரெல்லாம் சாம்பல் நிறமாகத் தெரியும், கிராஃபிக்ஸ் எவ்வளவு பழசு என்பதும் அப்போதுதான் கண்ணை உறுத்தும். கையில் டார்ச் இருக்கிறது, அதற்கு பேட்டரி தீரும். தீராத ஒளிக்குச்சி ஒன்றும் இருக்கிறது. சும்மா நடக்கும்போது ஒளிக்குச்சி, எதையாவது தேடும்போது டார்ச் என்று பழகிக்கொள்ளுங்கள். ஒளிந்திருக்கும்போது இரண்டையும் அணைத்துவிடுங்கள். லேப்டாப் பேட்டரியை நிரப்பி வையுங்கள். நினைத்த இடத்தில் சேமிக்கிற கேம் இல்லை இது, சில இடங்களில் மின்னும் ஒரு பழம்பொருளைத் தொட்டால்தான் சேமிப்பு, மற்றபடி கேமே பார்த்துத் தானாகச் சேமிப்பதுதான். நம் ஊர்க் கரண்டை நம்பி உட்கார்ந்தால் ஒரே வழியைத் திரும்பத் திரும்ப நடக்க வேண்டி வரும்.

இப்போது அந்தப் பெரிய விவாதம்: ஆயுதம் இல்லாதது. ஓவர்சரில் இருந்த சண்டையை பிளாக் பிளேக்கில் எடுத்தே விட்டார்கள். அது இந்தத் தொடருக்குக் கிடைத்த மிக நல்ல விஷயம் என்பது என் கருத்து. இங்கே முக்கிய எதிரிகள் நாய்கள் இல்லை, தொற்றுக்குள்ளாகி உருமாறின மனிதர்கள். அடித்துக் கொல்ல முடியாத ஒன்று கதவுக்கு அந்தப் பக்கம் நடக்கிறது என்று தெரிந்தால்தான் அறையைக் கூர்ந்து பார்ப்போம், எந்த மேசை அடியில் இடம் இருக்கிறது, எந்தக் கதவு உள்பக்கம் திறக்கிறது என்றெல்லாம் கவனிப்போம். ஒளியும்போது ஒரு விஷயம் முக்கியம்: எதிரியை உற்றுப் பார்க்காதீர்கள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் பிலிப் பதறிப்போய்க் காட்டிக்கொடுத்துவிடுவான். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, காலடி தூரமாகப் போகிறவரை காத்திருங்கள். இது தெரியாமல் "ஒளிந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறான், கேமில் கோளாறு" என்று புகார் சொல்கிறவர்கள் நிறையப் பேர்.

புதிர்கள் பெரும்பாலும் நியாயமானவை. கையில் இருக்கிற பொருள், அறையில் இருக்கிற பொருள், எடை, நெருப்பு, மின்சாரம், இவற்றை நிஜ வாழ்க்கையில் எப்படிச் சேர்ப்பீர்களோ அப்படித்தான் விடை வரும். மாட்டிக்கொண்டால் உடனே வீடியோவில் விடை தேடாதீர்கள். பிலிப்பின் குறிப்பேட்டைத் திறந்து, அடுத்து செய்ய வேண்டியது என்ன என்று படியுங்கள். அப்புறமும் வராவிட்டால் எழுந்து ஒரு டீ குடித்துவிட்டு வந்து அறையைச் சுற்றிலும் இன்னொரு தடவை நடந்து, நகருகிற எல்லாவற்றையும் நகர்த்திப் பாருங்கள். விடையைப் பார்த்து ஆடினவர்கள்தான் "ரெண்டே நாளில் முடிந்துவிட்டது, சின்ன கேம்" என்கிறார்கள். நீளம் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் இழுக்கிற இடம் எதுவும் இதில் இல்லை.

கிளாரன்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பிலிப்புக்கும் தொற்று ஏறுகிறது, அந்தத் தொற்று அவன் மண்டைக்குள் ஒரு குரலாகப் பேச ஆரம்பிக்கிறது, அதன் பெயர்தான் கிளாரன்ஸ். கேலி செய்யும், மிரட்டும், சில நேரம் கூட்டாளிபோலப் பேசும். கருத்துகள் இங்கேதான் மொத்தமாகப் பிளக்கின்றன. ஓயாமல் பேசிப் பேசியே பயத்தைக் கெடுத்துவிடுகிறான் என்று ஒரு கட்சி. அவன் இல்லாவிட்டால் கேமே இல்லை என்று இன்னொரு கட்சி, நான் அதில் இருக்கிறேன். தொடக்கத்தில் அவன் எரிச்சலூட்டுவான், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பிலிப்பின் கண்ணில் படுவதை மாற்றுகிற சக்தி அவனுக்கு இருக்கிறது. அதனால் நேற்று இருந்த கதவு இன்று இல்லை என்றால் நீங்கள் வழி மறந்ததாக நினைக்க வேண்டாம். இது புரிந்தபின் ஒவ்வொரு அறையையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பீர்கள். பொதுவாகத் திகில் கேமில் நாம் நம்புகிற ஒரே விஷயம் திரையில் தெரிவதுதான், அதையே பிடுங்கிவிடுகிறார்கள். அமபெல் ஸ்வான்சன் என்ற ஆராய்ச்சியாளர் ஒருவரும் பிலிப்போடு தொடர்பில் வருவார், அவரைத் தேடிப் போகிற வழி முழுக்க இந்தச் சந்தேகத்தை மறக்காதீர்கள். இதற்கு மேல் சொன்னால் கெட்டுவிடும்.

கேமில் படிக்க வேண்டியது நிறைய. கடிதங்கள், நாட்குறிப்புகள், கம்ப்யூட்டரில் கிடக்கிற மின்னஞ்சல்கள், எல்லாமே ஆங்கிலம். வேகமாகத் தள்ளிவிட்டுப் போனால் கதை கையில் நிற்காது. வசனங்களை எழுத்தாகக் காட்டுகிற வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் மெதுவாகத்தான் வரும் என்றால் இரண்டு பேராக உட்கார்ந்து, ஒருத்தர் படித்துச் சொல்ல ஒருத்தர் ஆடுங்கள், எங்கள் வீட்டில் தம்பி அப்படித்தான் ஆடினான். மனிதர்கள் விட்டுப்போன அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் யார் யாரோடு சண்டை போட்டார்கள், யாருக்கு முதலில் சந்தேகம் வந்தது என்பதெல்லாம் அந்தத் தாள்களில்தான் இருக்கிறது. 1964 புயலுக்குப் பிறகு அப்படியே நிற்கிற தனுஷ்கோடி தேவாலயத்துக்குள் நின்று பார்த்தவர்களுக்கு, ஆள் இல்லாத கட்டடம் எப்படிப் பேசும் என்று விளக்க வேண்டியதில்லை. இதுவும் அப்படி ஒரு இடம்தான்.

முடிவைப் பற்றி யாரிடமும் முன்கூட்டிக் கேட்காதீர்கள். பாதியில் நிறுத்தினதுபோல இருக்கிறது என்று சிலர் சொல்வதற்குக் காரணம், மூன்று பாகத்தை இரண்டாகச் சுருக்கினார்கள் என்று நான் மேலே சொன்னதுதான். கடைசிப் பகுதியில் நடை மாறும், ஓடி ஒளிவது குறைந்து சோதனைகள் மாதிரி புதிர்கள் வரும். அங்கே அவசரப்படாமல், உங்களிடம் என்ன கேட்கப்படுகிறது என்பதை நிதானமாகப் படியுங்கள். முடித்த அன்றைக்கே அடுத்தவர் விளக்கத்தைத் தேடிப் போகாமல், பிலிப் கடைசியில் செய்தது சரியா என்று நீங்களே ஒரு நாள் யோசித்துவிட்டு அப்புறம் சண்டைக்கு வாருங்கள்.

"ரெக்வியம்" என்று 2008 ஆகஸ்டில் ஒரு துணைப் பாகம் வந்தது. அதில் எதிரிகளே இல்லை, அறை அறையாகப் புதிர் மட்டும். பிளாக் பிளேக் முடித்த சூட்டில் அதைத் திறந்தால் ஏமாற்றம்தான், பலருடைய கோபம் அப்படி வந்ததுதான். புதிர் பிடித்தவர்கள் ஒரு மாதம் கழித்துத் தனியாக ஆடுங்கள், மற்றவர்கள் விட்டுவிடலாம். அதைவிட இதே நிறுவனம் 2010 செப்டம்பரில் வெளியிட்ட "அம்னீஷியா: தி டார்க் டிசென்ட்" பக்கம் போங்கள். அதிலும் ஆயுதம் கிடையாது, கதவை மவுஸால் இழுக்கிற அதே பழக்கமும் உண்டு. அம்னீஷியாவை ஏற்கெனவே ஆடியவர் பெனும்ப்ராவுக்கு வந்தால் அசைவுகள் கொஞ்சம் முரடாகத் தெரியும், ஓவர்சரின் முதல் ஒரு மணி நேரத்தில் அது கைக்குப் பழகிவிடும்.