பழைய இன்னோவாவுக்குக் கிலோமீட்டர் பார்த்து சர்வீஸ் விடாதீர்கள்

சென்னையில் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆன இன்னோவாவோ சைலோவோ எர்டிகாவோ வைத்திருக்கிற வீடுகளில் வண்டியின் பிழைப்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான். வாரம் முழுக்க அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் கவர் போட்டு நிற்கும். சனிக்கிழமை தி.நகர், முகூர்த்த நாளில் மண்டபம், வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை எட்டுப் பேரையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு திருப்பதி அல்லது குலதெய்வம் கோயில். இதனாலேயே "வண்டி ஓடவே இல்லையே, சர்வீஸ் எதுக்கு?" என்ற பேச்சு வருகிறது. பழைய குடும்ப வண்டிகளைக் கெடுப்பதில் முதல் இடம் இந்தப் பேச்சுக்குத்தான்.

மேனுவலை எடுத்துப் பாருங்கள். இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அது என்றுதான் போட்டிருக்கும். நாம் கிலோமீட்டரை மட்டும் படித்துவிட்டு மாதத்தை விட்டுவிடுகிறோம். குறைந்த தூரம், நின்று நின்று போகிற டிராஃபிக், தூசி, வெயில் என்றால் இன்னும் சீக்கிரமாகவே மாற்றச் சொல்லித் தனிப் பட்டியலும் அதிலேயே இருக்கும். மெட்ரோ வேலை நடக்கிற ஆற்காடு ரோட்டிலோ ஓ.எம்.ஆரிலோ ஏ.சி. போட்டு முக்கால் மணி நேரம் ஊர்ந்தால் மீட்டரில் ஐந்தாறு கிலோமீட்டர்தான் ஏறும், ஆனால் எஞ்சின் ஓடியது முக்கால் மணி நேரம். பக்கத்துத் தெருவுக்குப் போய் உடனே அணைத்தால் அது வேறு விதமான கெடுதல். எஞ்சின் முழுசாகச் சூடாவதற்குள் நிறுத்திவிடுவதால் உள்ளே சேர்கிற ஈரம் ஆவியாக வழியில்லாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். ஆகவே சென்னையில் ஓடுகிற வண்டிக்கு அந்தத் தனிப் பட்டியல்தான் சரி. மீட்டர் என்ன காட்டினாலும் வருடத்துக்கு ஒரு தடவையாவது எஞ்சின் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

எஞ்சின் ஆயிலையாவது எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பார்கள். மற்ற ஆயில்களின் கதைதான் பாவம். இன்னோவா, டவேரா, சைலோ, ஆம்னி எல்லாம் பின் சக்கரத்தில் இழுக்கிற வண்டிகள், அதனால் கியர் பாக்ஸ் ஆயில் தவிர, பின் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியல் கியருக்குக் கிரவுன் ஆயில் என்று இன்னொன்று உண்டு. ஷெட்டில் "ஜெனரல் சர்வீஸ்" என்று சொன்னால் இந்த இரண்டையும் பெரும்பாலும் தொட மாட்டார்கள், நீங்களாகக் கேட்டால்தான் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றிப் பார்ப்பார்கள். கியர் பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகிற நீளமான தண்டுதான் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், அதில் கிரீஸ் நிப்பிள் இருக்கிற வண்டியில் ஒவ்வொரு சர்வீஸுக்கும் கிரீஸ் அடிக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. அதை விட்டால் ஷாஃப்டின் மூட்டில் இருக்கிற கிராஸ் தேய்ந்து, கியர் மாற்றும்போது அடியில் டக்கென்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பிக்கும்.

பிரேக் ஆயிலைச் சொன்னால் பலர் "அது குறைஞ்சா ஊத்திக்கலாம்" என்பார்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிற சரக்கு. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமும் இல்லை. ஈரம் சேர்ந்த ஆயில் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், அதனால் தெருவில் ஒழுங்காகப் பிடிக்கிற பிரேக் திருமலையிலிருந்து எட்டுப் பேரோடு இறங்கும்போது பெடல் மெத்தென்று உள்ளே போய் வயிற்றைக் கலக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுசாக மாற்றுங்கள், செலவு சொற்பம். மலை இறங்கும்போது கியரைக் குறைத்து வருவதும் முக்கியம், ஆனால் அது ஓட்டுகிறவர் சமாச்சாரம்.

அடுத்து கூலன்ட், அதாவது எஞ்சின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஓடுகிற திரவம். சென்னையில் இதில்தான் அதிகமாக வண்டி கெடுகிறது என்பது என் அபிப்பிராயம். லெவல் குறைந்தால் வாட்ச்மேன் கொண்டுவருகிற பக்கெட் தண்ணீரை ஊற்றிவிடுகிறோம், அது போர் தண்ணீர். உங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டர் ராடை எடுத்துப் பாருங்கள், வெள்ளையாகச் செதில் செதிலாகப் படிந்திருக்கும். அதே உப்புதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. நெடுஞ்சாலையில் காற்று அடிப்பதால் தெரியாது, மே மாதம் கத்திப்பாராவில் ஏ.சி.யோடு நிற்கும்போது டெம்பரேச்சர் முள் மெதுவாக மேலே ஏறும். அதையும் கவனிக்காமல் ஓட்டினால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கிற ஹெட் கேஸ்கட் போகும், ஹெட்டே வளைந்துவிட்டால் செலவைக் கேட்கவே வேண்டாம். கம்பெனி சொன்ன வகை கூலன்ட்டையே போடுங்கள். பச்சை, சிவப்பு, பிங்க் என்று நிறத்தைப் பார்த்து ஒன்றோடொன்று கலக்காதீர்கள், நிறம் வகையைச் சொல்லாது. அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டி வந்தால் போர் தண்ணீரைத் தேடாமல் இருக்க, டிஸ்டில்டு வாட்டர் பாட்டில் ஒன்றை டிக்கியில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அடிக்கடி லெவல் குறைகிறது என்றால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம், ஊற்றிக்கொண்டே இருப்பது வைத்தியம் இல்லை.

ஏ.சி.யிலும் இதே குணம்தான். ஏப்ரல் வந்ததும் "கேஸ் ஃபில்" செய்துகொள்வது பல வீடுகளில் வருடாந்திர வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆனால் ஏ.சி. கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்து போகிற பொருள் இல்லை. வருடா வருடம் குறைகிறதென்றால் கசிவு இருக்கிறது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு கூலிங் காயில் இருக்கிற வண்டியில் பின் காயிலையும், பின்னால் போகிற நீளமான பைப்பையும் சோதிக்கச் சொல்லுங்கள், பல பேர் முன்பக்கத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்.

எஞ்சினுக்குள் வால்வுகளும் பிஸ்டன்களும் ஒரே தாளத்தில் ஓடவைக்கிற டைமிங் பெல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே தப்பு நடந்தால் எஞ்சினே போகும். 2005-இல் வந்து 2016-இல் கிரிஸ்டா வரும்வரை விற்ற இன்னோவாவின் 2.5 டீசல் எஞ்சினில் இருப்பது ரப்பர் பெல்ட். அதே வண்டியின் பெட்ரோல் எஞ்சினிலும் முதல் தலைமுறை எர்டிகாவிலும் செயின். டீசல் இன்னோவாவில் பெல்ட் மாற்றும் நேரம் வந்ததும் மீட்டரில் டி-பெல்ட் என்று விளக்கு எரியும். பிரச்சினை, அந்த விளக்கை பெல்ட்டை மாற்றாமலேயே ரீசெட் செய்து அணைத்துவிடலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி, அதுவும் முன்பு டாக்சியாக ஓடியிருக்கலாம் என்று சந்தேகம் இருக்கிற வண்டி என்றால் மீட்டரையும் நம்ப வேண்டாம், விளக்கையும் நம்ப வேண்டாம். பெல்ட் மாற்றிய பில் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, பெல்ட்டோடு, அதை இறுக்கிப் பிடித்து வழிநடத்துகிற உருளைகளான டென்ஷனரையும் ஐட்லரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். பெல்ட் ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அதற்கு முன்னால் சத்தமோ அறிகுறியோ பெரும்பாலும் வராது.

பார்ட்ஸ் விஷயத்தில் பிடிவாதம் இரண்டு பக்கமும் தப்பு. கண்ணாடி, பம்பர், கதவுக் கைப்பிடி மாதிரி சாமான்களைப் பழைய பார்ட்ஸ் விற்கிற புதுப்பேட்டையில் தேடி வாங்குவதில் தப்பே இல்லை, 2017-க்குப் பிறகு ஷெவர்லே இங்கே விற்பனையை நிறுத்திவிட்டதால் டவேராக்காரர்களுக்கு வேறு வழியும் குறைவு. பெல்ட், பிரேக் பேட், ஹோஸ், ஃபில்டர் போன்றவற்றைப் பழசாகவோ பெயர் தெரியாத டப்பாவிலோ வாங்காதீர்கள். கழற்றிய பழைய பார்ட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், மெக்கானிக் அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார், நல்லவர் தானாகவே எடுத்துக் காட்டுவார்.

வாட்டர் சர்வீஸ் விடுகிற இடத்தில் கடைசியாக அடியில் டீசலையோ பழைய ஆயிலையோ பளபளவென்று அடித்துவிடுவார்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அது புஷ், பூட் எல்லா ரப்பரையும் ஊதவைத்துக் கெடுக்கும், மேலே தூசியும் அப்பிக்கொள்ளும். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈ.சி.ஆர். பக்கம் வண்டி நிற்கிறதென்றால் உப்புக் காற்றுக்கு அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகு முறையான அண்டர்பாடி கோட்டிங் கொடுப்பதுதான் வழி.

டயரில் பட்டன், அதாவது ரோட்டில் படுகிற மேடு பள்ளம், தேயாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறோம், வயதைப் பார்ப்பதில்லை. பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. வெயிலிலேயே நிற்கிற வண்டியில் பட்டன் புதுசு மாதிரி இருக்கும்போதே ஓரத்தில் முடி மாதிரி வெடிப்பு ஓடும். இன்னோவாவில் ஸ்டெப்னி அடியில் தொங்குகிறது, அதை யாரும் இறக்கிப் பார்ப்பதே இல்லை. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒருமுறை இறக்கிப் பாருங்கள், அதைத் தாங்குகிற செயின் துருவேறி இறுகியிருந்தால் அது விக்கிரவாண்டி பக்கம் ராத்திரி தெரிய வருவதைவிட வீட்டு வாசலில் தெரிவது மேல்.

மழைக்காலத்துக்கு ஒன்றே ஒன்று. வேளச்சேரியில் கனமழை எச்சரிக்கை வந்ததும் ஜனங்கள் வண்டியை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்களே, அது பைத்தியக்காரத்தனம் இல்லை. தண்ணீரில் நின்ற வண்டியை "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்று சாவி போடுவதுதான் பைத்தியக்காரத்தனம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, டோ பண்ணிக்கொண்டு போங்கள். முழங்கால் தண்ணீரில் ஓட்டி வந்து வண்டி நன்றாகத்தான் இருக்கிறது என்றாலும் கிரவுன் ஆயிலைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது, உடனே மாற்ற வேண்டும்.

பதினைந்து வருடம் முடிகிறது, எஃப்.சி. (ஓடத் தகுதி உண்டா என்ற சோதனை) காட்ட வேண்டும் என்றதும் பெயின்ட், பாலிஷ், சீட் கவர் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். பாஸானால் பதிவு இன்னும் ஐந்து வருடம் நீளும், அதனால் கேள்வி இந்த வண்டி அந்த ஐந்து வருடம் தாங்குமா என்பதுதான். பெயின்ட் கடைக்குப் போவதற்கு முன் வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடியில் சேஸிஸ், பிரேக் பைப், டீசல் பைப் எங்கெல்லாம் துரு தின்றிருக்கிறது என்று ஒரு ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மேல்துரு மட்டும் என்றால் செலவு செய்யலாம். ஸ்க்ரூ டிரைவர் உள்ளே இறங்கினால் பெயின்ட்டுக்கு வைத்திருந்த பணத்தை அடுத்த வண்டியின் முன்பணத்துக்கு எடுத்து வையுங்கள்.