மலைப்பாதையில் டிரெய்லர்: எடைக்கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேட்டில் இழுத்துவிட்டால் போதும் என்ற நினைப்புத்தான் முதல் தவறு. நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்குப் போகும் வண்டி ஆயிரம் மீற்றருக்கு மேல் கீழே இறங்குகிறது. பாரத்தோடு வழிநெடுக மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் லைனர் சூடேறி, பெடலை அழுத்தினாலும் பிடிக்காது. அதனால் டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால், பாரம் உட்பட அதன் மொத்த எடை 750 கிலோவைத் தாண்ட விடாதீர்கள். உங்கள் வண்டியின் கையேடு அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதுதான் எல்லை.

கையேட்டில் “2,500 கிலோ இழுக்கும்” என்றிருப்பதை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த உச்ச எடை தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும். தனி பிரேக் உள்ள டிரெய்லரை இழுக்கும் ஒரு டபள் கெப்புக்கு (இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த பெட்டியும் உள்ள வண்டி) அது 4,800 கிலோ என்று வைப்போம். வெறும் வண்டி 1,900, ஐந்து பேர் 350, பின்னால் ஆறு உர மூட்டை 300, ஆக 2,550. மிச்சம் 2,250. இதில் டிரெய்லரின் சொந்த எடை 600 போனால், ஏற்றக்கூடியது 1,650 கிலோதான்.

மணலைக் கண்ணால் அளக்கவே கூடாது. ஈர மணல் கால் கியூப் (25 கன அடி) கிட்டத்தட்ட 1,200 கிலோ வரும். மழையில் பறித்த கொழுந்திலும் தண்ணீரின் எடை சேர்ந்திருக்கும். தண்ணீர்த் தாங்கியை அரைகுறையாக நிரப்பினால் வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து டிரெய்லரைப் புரட்டப் பார்க்கும்.

பாரத்தைப் பின்பக்கம் குவித்தால் டிரெய்லர் வாலாட்டும். கார், கெப் இழுக்கும் டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொளுவியில், அதாவது டிரெய்லரை வண்டியோடு பூட்டும் இடத்தில், இறங்க வேண்டும். 2,250 கிலோவுக்கு 225. சமதரையில் மேடைத் தராசை வைத்து, அதன்மேல் கட்டை அடுக்கி, கொளுவியை இழுக்கும் உயரத்திலேயே இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த 225 கிலோவும் வண்டி தன்மேல் சுமக்கும் பாரத்தில் சேரும். பலர் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

மேலே காற்று மெலிவாக இருப்பதால், டர்போ இல்லாத எஞ்சின் நுவரெலியா உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழக்கலாம்.

இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறையுங்கள். லைனர் கருகும் வாடை வந்தால் ஓரங்கட்டி, டிரெய்லர் சில்லுக்கும் சேர்த்துக் கல் வைத்து ஆற விடுங்கள். சூடான பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் அதில் விரிசல் விழலாம்.