வெளிநாட்டில் கார்டு: அந்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள்

வெளிநாட்டுக் கடையிலோ ஹோட்டலிலோ கார்டில் பணம் செலுத்தும்போது, கருவியின் திரையில் இரண்டு நாணயங்களில் தொகை தெரிந்தால், நம் நாட்டு நாணயத்தை விட்டுவிட்டு, நாம் நிற்கும் நாட்டின் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள்.

நம் நாணயத்தைத் தேர்ந்தெடுத்தால், நாணய மாற்று விகிதத்தை நம் கார்டு தரப்பு முடிவு செய்யாமல், கடைக்காரரின் தரப்பில் உள்ள நிறுவனம் முடிவு செய்கிறது. அது தனக்குரிய லாபத்தையும் அதில் சேர்த்துக்கொள்கிறது. அந்தக் கூடுதல் தொகை ரசீதில் தனிக் கட்டணமாக வராமல் பெரும்பாலும் விகிதத்துக்குள்ளேயே அடங்கிவிடுவதால், பில்லை வரிவரியாகப் பார்ப்பவர்கள்கூட அதைத் தவறவிடுகிறார்கள். விசா, மாஸ்டர்கார்டு விதிகளின்படி இந்தத் தேர்வு வாடிக்கையாளருடையது. ஆகவே கடைக்காரரே பொத்தானை அழுத்திவிட்டால், பின் (PIN) எண்ணை இடுவதற்கு முன்பே, அதை ரத்து செய்து மறுபடி போடும்படி தயங்காமல் கேளுங்கள். ஏடிஎம்மில்தான் அதிகக் கவனம் தேவை: நாணய மாற்றத்தை மறுக்கும் பொத்தான் பரிவர்த்தனையையே ரத்து செய்வதுபோலத் தோன்றும், ஆனால் அதை அழுத்தினாலும் பணம் வரும்.

அந்நாட்டு நாணயத்தையே முன்கூட்டி ஏற்றிவைத்த பயண கார்டிலும் அந்த நாணயத்தையே தேர்ந்தெடுங்கள்; அப்போது நாணய மாற்றமே பொதுவாகத் தேவைப்படாது. உங்கள் வங்கி வெளிநாட்டு நாணயச் செலவுக்கு மிக அதிகக் கட்டணம் விதிப்பதாக இருந்தால், இரண்டு தொகைகளையும் ஒப்பிட்ட பிறகு முடிவெடுங்கள். ஆனால் சில வங்கிகள் நம் நாணயத்தில் செலுத்தினாலும் அதே கட்டணத்தைப் பிடிக்கின்றன என்பதால், கார்டின் கட்டண விவரத்தைப் புறப்படும் முன்பே படித்துவிடுவது நல்லது.